ஒரு இடத்துக்கு இரண்டு பிள்ளைகள்

ஓகஸ்ட் 4, திங்கள்

மன்னித்துக்கொள், கொப்பி. ஊரே உறங்கிவிட்ட நேரத்தில் உன்னைத் திறக்கிறேன். சின்னவள் இப்போதுதான் கண்ணை மூடினாள். வேறு நேரம் எனக்கு இல்லை.

சோளகக் காற்று அடங்கவில்லை. காயப்போட்ட சின்னவளின் நப்பிகள் இரண்டு அயல்வீட்டு வேலியில். குசினி எல்லாம் மணல். தண்ணீர் பவுசர் நாளைக்கு வருமாம். நேற்றும் அதைத்தான் சொன்னார்கள்.

சின்னவளுக்கு இலேசான சூடு. பல்லு முளைக்கிற சூடு என்று மச்சாள் சொல்கிறா (இவரின் அக்கா, அடுத்த வளவு). பல்லுக்கு இப்படிச் சுடுமா? கீழே இரண்டு வந்தபோது சுடவில்லையே. நுளம்பு வலையை நான்கு பக்கமும் தொட்டில் மெத்தைக்குக் கீழே செருகிவிட்டேன். திரும்பவும் ஒருக்கால் பார்க்கவேண்டும்.

நாளை வாங்க: பரசிற்றமோல் பாணி, சீனி, சவர்க்காரம், நுளம்புச்சுருள் (புகை கூடாது என்று இவர் சொல்வார், வேண்டாம்).

இனி விசயம். கொழும்பில் கனிஷ்ட தேசிய ஹொக்கி அணிக்கான முகாம். பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண்கள். எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு இடம். ஒன்று பட்டணத்துக் கோல் கீப்பருக்கு, அதில் யாருக்கும் சண்டை இல்லை. மற்றது எங்கள் தீவுப் பிள்ளைகளில் ஒருத்திக்கு. வியாழக்கிழமை கூட்டம். தெரிவுக்குழுவில் மூன்று பேர்: மாவட்ட ஹொக்கிச் சங்கத் தலைவர், எங்கள் பள்ளிக்கூட விளையாட்டாசிரியர் குணா சேர், நான்.

நான் நிரந்தர ஆசிரியை இல்லை. வர்த்தகப் பட்டம், வேலை இல்லை. பல்கலைக்கழக அணியில் ஆடினவள் என்பதால் பின்னேரங்களில் பெட்டைகளைப் பழக்கக் கூப்பிட்டார்கள். பிள்ளை பிறந்து சில மாதம் நின்றுவிட்டுத் திரும்பிப் போன முதல்நாள் குணா சேர் கேட்ட கேள்வி: "இன்னும் ஓட ஏலுமோ உமக்கு?" அன்றைக்குச் சிரித்துவிட்டேன். ஏன் சிரித்தேன்?

இரண்டு பிள்ளைகள். சரவணை ஊர்த் தர்சிகா, நடுக்களம். நெடுந்தீவு ஜெனிற்றா, முன்வரிசை. ஜெனிற்றா கிழமை நாட்களில் இங்கே வேலணையில் சித்தி வீட்டில் நின்று படிக்கிறாள். இனி த., ஜெ. என்றே எழுதப்போகிறேன். கை நோகிறது. ஒரு கையால் எழுதுகிறேன், மறுகை தொட்டில் கயிற்றில்.


ஓகஸ்ட் 5, செவ்வாய்

பவுசர் வந்தது. வாளி ஐந்து, குடம் இரண்டு, பேசின் எல்லாம் நிரப்பியாயிற்று.

பின்னேரம் பயிற்சி ஆட்டம். மைதானத்தில் நெருஞ்சி. தொடங்க முன் பிள்ளைகள் வரிசையாகக் குனிந்து முள்ளுப் பொறுக்கினார்கள். கொழும்பில் நீலத் தரையில் தண்ணீர் தெளித்து ஆடுவார்கள், பந்து வழுக்கிக்கொண்டு போகும். எங்கள் மணலில் பந்து இரண்டடி போய் நின்று யோசிக்கும். அதனால் எங்கள் பெட்டைகள் எல்லோரும் தேவைக்கு மேலே அடித்துப் பழகினவர்கள். அங்கே போய் முதல் நாள் எல்லாப் பந்தும் கோட்டுக்கு வெளியே போகும். "கட்டுப்பாடு இல்லை" என்று எழுதிவிடுவார்கள். எத்தனை பிள்ளைகளை அப்படி எழுதித் திருப்பி அனுப்பினார்கள்!

கோபப்படாமல் எழுதிப் பார்க்கிறேன்.

ஜெ. வேகம். வட்டத்துக்குள் பயமே இல்லை, கோல் கீப்பரின் காலுக்குள்ளேயே விழுவாள். இன்று இரண்டு கோல். வலப்பக்கம் கிடைத்தால் யாராலும் மறிக்க முடியாது. இடப்பக்கம் வந்தால் தடுமாற்றம். கோபக்காரி, தடியைத் தோளுக்கு மேல் தூக்குவாள், அட்டை வாங்குவாள்.

த. கோல் இல்லை. இந்த வருடம் முழுக்க ஒன்றோ இரண்டோ. அவள் ஓடுவதைப் பார்த்தால் சோம்பேறி என்று நினைப்பார்கள். பந்து வரப்போகிற இடத்தில் முன்பே நிற்கிறவள் ஏன் ஓடவேண்டும்? எதிரணி பந்தைக் கொண்டுவந்து அவளைக் கண்டதும் வேறு பக்கம் திரும்புகிறது. அந்தத் திரும்புகிறதுதான் அவளுடைய வேலை. குறை: கத்தமாட்டாள். நடுக்களத்தில் நின்றால் கத்தவேண்டும்.

ஒரே இடம் என்றால் என் வாக்கு த.வுக்கு. கோல் அடிக்கிற பிள்ளைகள் கண்டியிலும் மாத்தளையிலும் நிறைய இருக்கிறார்கள். இப்படி ஆட்டத்தை வாசிக்கிற பிள்ளை இல்லை.

நானும் நடுக்களம் ஆடினவள். அதனால்தான் எனக்கு அவள் தெரிகிறாளா? இதைக் கூட்டத்தில் யாராவது கேட்டால் என்ன சொல்வேன்? ஓம் என்றுதான் சொல்லவேண்டும்.

குணா சேர் ஆட்டம் முழுக்கப் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். முடிந்ததும் பெருமையாகக் காட்டினார். "தலைவருக்கு அனுப்பியாச்சு. நல்ல நல்ல துண்டாப் பாத்து வெட்டினனான்."

பார்த்தேன். போன் பந்துக்குப் பின்னால் ஓடுகிறது. பந்து, பந்து, கோல், கைதட்டு. த. ஒரு இடத்தில் வருகிறாள். முதுகு மட்டும்.

"சேர், தர்சிகா எங்கை?"

"அவள் பந்தடிச்சால்தானே பிடிக்கலாம், மிஸ்."


ஓகஸ்ட் 6, புதன்

சூடு 100.2. பிறகு 99. பிறகு 100. மச்சாள் கைக்குக் கீழே ஈரத்தோடு வைத்து அளக்கிறா, நம்ப முடியாது. நான் அளந்தால் ஒன்று, அவ அளந்தால் வேறொன்று. உடம்பில் சிவப்புப் புள்ளி இல்லை. திரும்பத் திரும்பப் பார்த்தேன், இல்லை. பால் குடிக்கிறாள், அரைவாசி.

இவர் பட்டணத்தில் வங்கியில் வேலை. காற்றுக்குப் பண்ணைப் பாலத்தில் மோட்டார் சைக்கிள் ஆடுகிறதாம், களைத்துப்போய் வந்தார். சாப்பிடும்போது நான் வாய் மூடாமல் இதையே கதைத்தேன். இவர் கிரிக்கெட் பைத்தியம்.

"இரண்டு கோல் அடிச்சவளை விட்டிட்டு ஒண்டும் அடிக்காதவளையோ அனுப்பப் போறீர்?"

"விக்கெட் கீப்பரிட்டை எத்தினை ஓட்டம் எண்டு கேப்பினமோ?"

"இப்ப அதைத்தான் முதல் கேக்கினம்."

தோற்றுப்போனேன். கோபத்தில் சொதி அள்ளி அவருடைய கோப்பையில் ஊற்றினேன், கேட்காமலே. சிரித்துக்கொண்டு சாப்பிட்டார். பிறகு கழுவும்போது: "நாளைக்குக் கூட்டத்துக்குப் போகத்தான் வேணுமோ? பிள்ளைக்குக் காய்ச்சல்."

பிள்ளைக்குக் காய்ச்சல் என்று எனக்குத் தெரியாதா? உடம்புச் சூட்டை எழுதி வைத்திருக்கிறது யார்? அவர் நாளைக்கு வங்கிக்குப் போவார். "போகத்தான் வேணுமோ" என்று அவரிடம் யார் கேட்டார்கள்?

சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.


ஓகஸ்ட் 7, வியாழன்

முதலிலிருந்து எழுதுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு நானே "அப்படிச் சொல்லியிருக்கமாட்டார்கள்" என்று நினைப்பேன்.

சின்னவளை மச்சாளிடம் விட்டு பஸ். கூட்டம் பட்டணத்தில், தலைவரின் கந்தோர் அறையில். மூன்று கதிரை, ஒரு காற்றாடி, அதுவும் அவர் பக்கம் பார்த்து. தேத்தண்ணீர் வந்தது. ஆண்பிள்ளைகளின் பட்டியல் முன்பே முடித்துவிட்டார்களாம், வாசித்துக் காட்டினார். பிறகு எங்கள் விசயம்.

நான் த.வைப் பற்றிச் சொன்னேன். ஆயத்தம் செய்துதான் போனேன், பதறாமல் சொன்னேன். பந்து இல்லாத நேரத்தில் எங்கே நிற்கிறாள் என்பதைக் கடதாசியில் கீறியும் காட்டினேன். தலைவர் தலையாட்டிக்கொண்டு கேட்டார். ஆட்டத்தைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. கீறினதைத் திருப்பித் தந்துவிட்டு:

"இந்தச் சரவணைப் பிள்ளையின்ரை தகப்பன் எங்கை?"

"பிரான்சிலை, சேர்."

"அப்ப எங்களுக்கு என்னத்துக்கு இந்த மினக்கேடு? முகாமிலை விட்டு, பழக்கி, ஆளாக்கி விட, விசா வந்தோடனை அவள் பறந்திடுவாள். இடம் வீண்."

"விசா வரப்போகுதெண்டு ஆர் சொன்னது?"

குணா சேருக்குச் சிரிப்பு. "தீவிலை ஆருக்கு வராது, மிஸ்? மண்கும்பான் பக்கம் ஒருக்காப் போய்ப் பாருமன். மாடி வீடு கட்டி, கேற்றுக்குப் பெயின்ற் அடிச்சுப்போட்டு, உள்ளுக்கை ஆடு நிக்குது."

இந்த நேரத்தில் மச்சாளின் அழைப்பு. சத்தத்தை நிற்பாட்டினேன். திரும்பவும் அழைப்பு. திரும்பவும் நிற்பாட்டினேன். போனைப் பைக்குள் வைத்தேன்.

"சேர், நீங்கள் இப்ப வாசிச்ச பொடியள் பட்டியல். அணித் தலைவன். அவன்ரை பாஸ்போட் ஏஜென்சிக்காரனிட்டைக் கிடக்குதெண்டு ஊர் முழுக்கத் தெரியும். அவனிட்டைக் கேட்டனீங்களோ?"

"பொடியளின்ரை கதை வேறை, பிள்ளை."

"என்ன வேறை?"

"அவங்கள் போனாலும் அங்கை ஒரு கிளப்பிலை ஆடுவாங்கள். பேர் எங்களுக்குத்தானே."

"அப்ப தர்சிகா?"

"அவள் போனால் கலியாணம்."

சொல்லிவிட்டு பிஸ்கற்றைத் தேத்தண்ணீரில் நனைத்தார். அது முறிந்து உள்ளே விழுந்தது. கரண்டியால் தேடினார். எனக்கு அந்தக் கோப்பையைத் தட்டிவிடவேண்டும் போல இருந்தது.

பிறகு இன்னொன்று சொன்னார். அதுதான் இன்னும் கொதிக்கிறது: "அந்த நெடுந்தீவுப் பிள்ளை எண்டால் பிரச்சினை இல்லை. அதுகள் எங்கை போகப் போகுதுகள், பாவம்."

ஆகவே ஜெ. ஜெ.யின் வேகத்துக்காக இல்லை. இரண்டு கோலுக்காகக்கூட இல்லை. போக வழியில்லாதவள் என்பதற்காக! அந்தப் பிள்ளையின் திறமைக்கும் அடி, இந்தப் பிள்ளையின் திறமைக்கும் அடி. ஒரே வசனத்தில்.

நான் சத்தம் போட்டேன். என்ன சொன்னேன் என்று வரிசையாக ஞாபகம் இல்லை. "ஹொக்கிக்கோ ஆள் எடுக்கிறியள், கொத்தடிமைக்கோ" என்றது ஞாபகம். குணா சேர் நிலத்தைப் பார்த்தார். தலைவர் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் மோசம். சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல:

"சரி, நீர் இவ்வளவு சொல்லுறீர். தாயிட்டை ஒரு உறுதி எழுதி வாங்கிக்கொண்டு வாரும். இரண்டு வருஷத்துக்கு வெளிநாடு அனுப்பமாட்டன் எண்டு. திங்கட்கிழமைக்குள்ளை வந்தால் பாப்பம். இல்லாட்டி மற்றப் பிள்ளை."

பஸ்ஸில் மச்சாளுக்கு எடுத்தேன். "நூற்றியொண்டு காட்டிச்சுது, பிறகு அழுதாள், பிறகு நித்திரை. நீ ஏன் போனை எடுக்கேல்லை?" பாலம் முழுக்கக் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். இரண்டு பக்கமும் தண்ணீர் கலங்கி மண் நிறம். ஏன் போனை எடுக்கவில்லை நான்?


ஓகஸ்ட் 8, வெள்ளி

காலையில் இவர் லீவு போட்டார். கேட்காமலே. ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் பார்த்தோம். டெங்கு இல்லை. சாதாரண வைரஸ் காய்ச்சலாம். ஊசி குத்தியபோது அவள் அழவில்லை, நான் அழுதேன். தாதி சிரித்தா: "ஆருக்கம்மா ஊசி?"

பின்னேரம் சூடு இறங்கிவிட்டது. அரிசிக் கஞ்சி மூன்று கரண்டி.

மனம் மட்டும் இறங்கவில்லை. உடுப்புத் தோய்க்கும்போதெல்லாம் தலைவரோடு சண்டை. எல்லாப் பதிலும் இப்போதுதான் வருகிறது.

ஒரு யோசனை. கவிதா அக்கா. மாத்தளைக்காரி. பல்கலைக்கழகப் போட்டியில் எதிரணி நடுக்களம், என் முழங்காலில் இன்னும் இருக்கிற தழும்பு அவவுடைய தடி. பிறகு சிநேகிதமானோம். இப்போது கனிஷ்ட அணியின் பயிற்சிக் குழுவில் இருக்கிறா. மாவட்டங்கள் அனுப்புகிற பெயர்களுக்கு மேலே ஒன்றிரண்டு பேரை அவர்களே கூப்பிட்டுப் பார்க்கலாம், போன வருடம் ஒரு பிள்ளையை அப்படி எடுத்ததாக அவவே சொன்னா.

ஆனால் அது தலைவரைத் தாண்டிப் போவது. தெரிந்தால் என் கதை முடிந்தது. நிரந்தரம் இல்லாத ஆளை நிற்பாட்ட ஒரு போன் போதும்.

முதலில் தாயிடம் போவேன். நேர்வழி இருக்கும்போது ஏன் சுற்றுவழி.


ஓகஸ்ட் 9, சனி

ஸ்கூட்டியில் சரவணை. எதிர்க்காற்று. கண்ணெல்லாம் மண்.

த.வின் தாய் வசந்தி அக்கா பள்ளிக்கூடச் சட்டை தைக்கிறவ. மெஷினை நிற்பாட்டாமலே "இருங்கோ ரீச்சர்" என்றா. த. தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு யன்னலோடு நின்றாள். நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

"என்ன உறுதி?"

"இரண்டு வருஷத்துக்கு வெளிநாடு அனுப்பமாட்டன் எண்டு."

மெஷின் நின்றது. வசந்தி அக்கா சிரித்தா. சும்மா சிரிப்பு இல்லை, கண்ணில் தண்ணீர் வரும்வரை.

"ரீச்சர், இவளுக்குப் பால்பல்லு விழேக்கை அந்தாள் சொன்னது, வாற தைக்குக் கூப்பிடுறன் எண்டு. நானே இப்ப நம்புறேல்லை. உங்கடை தலைவர் நம்புறாரோ? நல்ல மனுசன். அவரையே கேளுங்கோ, எப்ப விசா வருமெண்டு."

"அப்ப எழுதித் தாங்கோவன் அக்கா. போகப்போறதில்லைத்தானே."

"ஏலாது."

"ஏன்?"

"எழுதினால் உண்மையாயிடும்."

எனக்குச் சட்டென்று கோபம் வந்தது. பிள்ளையின் இடம் போகிறது, இவ இப்படிக் கதைக்கிறாவே என்று. குரல் உயர்ந்திருக்கவேணும். வசந்தி அக்கா நூலைப் பல்லால் அறுத்துவிட்டு ஆறுதலாகச் சொன்னா:

"உந்தக் கடதாசியை ஆரும் போனிலை படமெடுத்து அவருக்கு அனுப்பினால்? தீவாக்கள் அனுப்பாயினமோ? 'நீங்களே வரமாட்டமெண்டு எழுதிக் குடுத்திட்டியள்தானே' எண்டு சொல்லிப்போட்டு அவர் நிம்மதியா இருந்திடுவார். இவ்வளவு காலமும் நான் காத்துக்கொண்டு கிடந்தது ஒரு கையெழுத்தோடை போயிடும். அவர் கூப்பிடாட்டிப் பிழை அவரிலை இருக்கட்டும். என்னிலை வேண்டாம்."

தேத்தண்ணீரைக் குடித்தேன். ஆறிப்போய் இருந்தது.

த. கேற்றடிக்கு வந்தாள்.

"அம்மா சொல்லுறது சரி, மிஸ். விடுங்கோ."

"உனக்குப் போக விருப்பமில்லையே?"

"விருப்பமில்லாமலே நான் விடிய எழும்பி வயலுக்கை ஓடுறன்?" முதன்முறை அவள் கத்திக் கேட்டேன். கத்திவிட்டு அவளே பயந்துபோனாள். ஸ்கூட்டியின் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தாள். பிறகு மெதுவாக:

"ஜெனிற்றா போறதெண்டால் அங்கை அவைக்கு ஒண்டு சொல்லிவிடுங்கோ, மிஸ். அவளுக்கு வலப்பக்கம்தான் குடுக்கவேணும். ஒரு அடி முன்னாலை. இடப்பக்கம் குடுத்தால் அவள் நிண்டிடுவாள், பிறகு அவளிலை பிழை எண்டு சொல்லுவினம்."

அவளுடைய இடம் போகிறது. அவள் பந்து எங்கே போகவேண்டும் என்று யோசிக்கிறாள்.

சுருவில் ஊர்ப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்தேன், பெற்றோல் வீண். யாரோடாவது சண்டை பிடிக்கவேண்டும் போல இருந்தது. வழியில் மாடுகள் மட்டும். ஹோர்ன் அடித்தேன், அவை அசையவில்லை.

வீட்டுக்கு வந்து சின்னவளைத் தூக்கினேன். சூடு இல்லை. மேல்முரசில் வெள்ளையாக ஒரு முனை. மச்சாள்: "நான் சொன்னனான்தானே, பல்லு."

சரி, மச்சாள். நீங்கள் வென்றீர்கள்.


ஓகஸ்ட் 10, ஞாயிறு

வாசலில் ஜெ. பூசை முடிந்து நேரே வந்திருக்கிறாள், கோயில் உடுப்போடு. கடல் கொந்தளிப்பால் இந்தக் கிழமை நெடுந்தீவுக்கு வீட்டுக்குப் போகவில்லை. கையில் சித்தி கொடுத்துவிட்ட கருவாட்டுப் பார்சல். அதைப் படியில் டக்கென்று வைத்துவிட்டு, இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை.

"மிஸ், நீங்கள் எனக்கு எதிராக் கதைச்சனீங்களாம்."

"ஆர் சொன்னது?"

"குணா சேர். எனக்குக் கிடைச்சதாம், நீங்கள்தான் மறிக்கிறியளாம்."

அவரை என்ன செய்தால் தகும்! மூன்று பேர் கதைத்ததைக் கொண்டுபோய்ப் பதினேழு வயதுப் பிள்ளையிடம். கூட்டத்தில் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு வெளியே வந்ததும் அவ்வளவு துணிவு.

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் வந்தது. சொல்லவில்லை.

"ஓம். நான் தர்சிகாவின்ரை பேரைச் சொன்னனான்."

அவளுடைய மூக்கு விடைத்தது. "நான் நெடுந்தீவாள் எண்டுதானே? உங்கடை வேலணைச் சரவணைக்காரர் எப்பவும் அப்பிடித்தான். எங்களைக் கண்டால் கருவாட்டு மணம் எண்டுவியள்."

"படியிலை கருவாட்டை வைச்சிட்டு நீதான் சொல்லுறாய், நான் சொல்லேல்லை."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அடக்க முடியாததில் இன்னும் கோபம். பிறகு இருந்தாள். சின்னவள் தவழ்ந்து போய் அவளுடைய செருப்பைப் பிடித்தாள்.

"கேள் ஜெனிற்றா. செவ்வாய்க்கிழமை இரண்டு கோல் அடிச்சாய். பந்து எங்கையிருந்து வந்தது?"

அவள் சின்னவளின் தலையைத் தடவினாள்.

"சொல்லு."

"அவளிட்டையிருந்து."

"இரண்டுமோ?"

"எப்பவும் அவளிட்டையிருந்துதான்." செருப்பைச் சின்னவளின் வாயிலிருந்து எடுத்தாள். "அவள் இல்லாட்டி எனக்குப் பந்து வராது, மிஸ். எனக்குத் தெரியும். ஆனா நான் இடத்தை விடமாட்டன். அம்மாவுக்குச் சொல்லியாச்சு. அம்மா ஊரெல்லாம் சொல்லியாச்சு."

"விடாதை. ஆர் உன்னை விடச்சொன்னது? நீயும் போகவேண்டிய ஆள்தான்."

"பேந்து ஏன் என்ரை பேரைச் சொல்லேல்லை?"

ஒரு இடத்துக்கு ஒரு பெயர்தான் சொல்லலாம் என்றேன். அது உண்மை. அவளுக்கு அது போதவில்லை, முகத்தில் தெரிந்தது. தலைவர் அவளைப் பற்றிச் சொன்னதைச் சொல்லவில்லை. "எங்கை போகப் போகுதுகள், பாவம்." அதை என்னோடு வைத்துக்கொள்கிறேன். அந்தப் பிள்ளை தன் காலால் ஓடி எடுத்த இடம் என்று நினைத்துக்கொண்டே கொழும்புக்குப் போகட்டும். அப்படி நினைக்க அவளுக்கு உரிமை இருக்கிறது.

போகும்போது கருவாட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போவாளோ என்று பார்த்தேன். எடுக்கவில்லை. "காரல் மீனும் கிடக்கு, மிஸ். வெய்யிலிலை ஒருக்காப் போட்டு எடுங்கோ."

இவர் பத்திரிகைக்குப் பின்னால் எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். மத்தியானம் சொன்னார்: "பெட்டை சண்டைக்காரி. எனக்கு அவளைத்தான் பிடிச்சிருக்கு."

"உங்களுக்கு எப்பவும் கோல் அடிக்கிற ஆள்தான்."

"ஓம். ஆனா மற்றவளையும் பாத்திருக்கிறன் நான். போன மாசம் உம்மைக் கூட்டிக்கொண்டு போக வந்து நிண்டனான்தானே. அவளைச் சுத்திப்போக ஒருத்திக்கும் ஏலேல்லை."

ஏன் இதைப் புதன்கிழமை சொல்லவில்லை? கேட்டேன். "நீர் கேக்கேல்லை. சொதிதான் ஊத்தினீர்."


ஓகஸ்ட் 11, திங்கள்

காற்றுக் கொஞ்சம் குறைவு. நப்பிகள் கயிற்றிலேயே இருந்தன.

காலையில் தலைவருக்கு எடுத்தேன். தாய் எழுதித் தரமாட்டா என்றேன். ஏன் என்று விளக்க வாய் எடுத்தேன்.

"அப்ப தெரியுதுதானே, பிள்ளை. போறதுக்குத்தான் நிக்கினம். எழுத மனம் வராது." ஒரு செருமல். "மற்றப் பிள்ளையின்ரை பேர் பின்னேரமே போகுது. நீரும் கையெழுத்து வைக்கவேணும்."

"ஜெனிற்றாவுக்கு வைக்கிறன், சேர். அவள் நல்ல ஆட்டக்காரி எண்டு எழுதுங்கோ, அதுக்கு வைக்கிறன்."

"அதெல்லாம் எழுதத் தேவையில்லை."

வைத்தேன். குணா சேர்தான் கடதாசி கொண்டுவந்தார், பள்ளிக்கூட வாசலில், மோட்டார் சைக்கிளில் இருந்தபடியே. ஜெ.யிடம் ஏன் போய்ச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "தெரியவேண்டியதுதானே" என்றார். பிறகு, நான் கேட்காமலே:

"நீர் மேலாலை ஆரிட்டையும் போவீர் எண்டு எனக்குத் தெரியும். உம்மடை முகம் சொல்லுது. போகாதையும். வாற வருஷம் உமக்கு இஞ்சை இடமிருக்காது. கைக்குழந்தைக்காரி, பிந்தி வாறா, முந்திப் போறா எண்டு எழுத எவ்வளவு நேரம்?"

"எழுதுங்கோ."

"நான் உமக்கு நல்லதுக்குச் சொல்லுறன்."

"தெரியும், சேர். நீங்கள் எல்லாருக்கும் நல்லதுக்குத்தான் சொல்லுறியள்."

பயிற்சிக்கு இரண்டு பேரும் வந்தார்கள். த. எதுவும் நடக்காதது போல முள்ளுப் பொறுக்கினாள். ஜெ. அவளுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தாள். என்ன கதைத்தார்கள் என்று கேட்கவில்லை. ஆட்டம் தொடங்கியதும் த. அவளுக்கு இடப்பக்கம் பந்து கொடுத்தாள். ஜெ. தடுமாறி விழுந்தாள். "விசரி, அங்காலை தா!" த. திரும்பவும் இடப்பக்கம். திரும்பவும். பயிற்சி முடியும்வரை இடப்பக்கமே. கடைசியில் ஜெ. இடப்பக்கமாகத் திரும்பி ஒன்றை உள்ளே போட்டுவிட்டு, தடியை எறிந்து, நிலத்தில் குந்தி அழுதாள். த. பந்தை எடுத்துக்கொண்டு வந்து நடுவில் வைத்தாள்.

குணா சேரின் போன் சட்டைப் பையில் இருந்தது. இதை யாரும் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன், எழுதப்போகிறேன் என்று. வேண்டாம் என்று சொல்வார் என நினைத்தேன். "உம்மடை இடம் போனால் பேந்து என்னோடை சண்டை பிடிக்கக்கூடாது" என்றார். பிடிப்பேன் என்றேன். சின்னவளை வாங்கிக்கொண்டு வளவுக்குப் போய்விட்டார்.

கவிதா அக்காவுக்கு அனுப்பியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

"அக்கா, எங்கள் மாவட்டத்திலிருந்து ஜெனிற்றா என்ற பிள்ளையின் பெயர் வந்திருக்கும். அவளை எடுங்கள், நல்ல ஆட்டக்காரி. அதை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. தர்சிகா என்று இன்னொரு பிள்ளை இருக்கிறாள், நடுக்களம். அவளையும் முகாமுக்குக் கூப்பிட்டு ஒரு ஆட்டம் பாருங்கள். பந்தைப் பார்க்கவேண்டாம், அவளைப் பாருங்கள். முதல் நாள் அடிக்கிறது எல்லாம் வெளியே போகும், அது எங்கள் மணலின் பழக்கம், இரண்டாம் நாள் சரியாகிவிடும். அவளுடைய பெயர் ஏன் வரவில்லை என்று கேட்பீர்கள். தகப்பன் பிரான்சில், அவள் போய்விடுவாள் என்றார்கள். போவாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது. நான் உறுதி தரமாட்டேன், தாயும் தரமாட்டா. பொடியன்களிடம் கேட்காத உறுதியை அவளிடமும் கேட்காதீர்கள். நான் எழுதினேன் என்று இங்கே தெரிந்தால் எனக்குப் பிரச்சினைதான். தெரியட்டும். முகாம் வெள்ளிக்கிழமை தொடங்குகிறது, வியாழன் இரவு பஸ்ஸில் இரண்டு பிள்ளைகளும் ஏறவேண்டும். கெதியாகப் பதில் போடுங்கள், அக்கா."